நூலக மாடியின் செல்லாத வாரங்கள்

கோடு ஏறக்கூடாத இடத்தில் ஏறிவிட்டது. போன வாரமும் ஏறியது, அதற்கு முந்தின வாரங்களிலும் ஏறியது. இந்த வாரமாவது படுத்துக் கிடக்கும் என்று சாப்பிடக்கூடப் போகாமல் திரை முன்னால் காத்திருந்தவள் முகத்தில் கரியைப் பூசிவிட்டு, ஜம்மென்று மேலே போய் நின்றது.

“உனக்கெல்லாம் எத்தனை தடவைடா சொல்றது!” என்று அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள். திட்டு மெஷினுக்கு இல்லை. அந்நேரம் ஊரின் இன்னொரு கோடியில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு மாடி ஏறிக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு. பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அவள் கோபம் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

விஷயம் இதுதான். காற்றில் பறந்து வருகிற மரநோயைப் பிடிப்பதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. ஊருக்குள் சில உயரமான கட்டிடங்களின் மொட்டை மாடியில் ஆள் உயரத்தில் முக்கால் அளவுக்கு ஒரு பெட்டி நிற்கும். உள்ளே ஒரு பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று மெல்லச் சுற்றுகிற ஓர் உருளை மேல் போய் மோதும். உருளையைச் சுற்றி ஒட்டும் டேப். தூசி, மகரந்தம், பூஞ்சை வித்து, எது வந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். வாரா வாரம் டேப்பைக் கழற்றி வந்து ஆய்வகத்தில் கரைத்து, அதிலிருக்கிற டிஎன்ஏவைப் பிரித்து மெஷினுக்குள் வைப்பார்கள். தேடுகிற பூஞ்சையின் டிஎன்ஏ துளி இருந்தாலும் திரையில் கோடு ஏறும். இல்லையென்றால் தரையோடு படுத்துக் கிடக்கும். கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும்.

அவர்கள் தேடியது கரிப்பட்டை என்று ஒரு நோய். மரம் வெளியே பச்சைப்பசேல் என்று நிற்கும். உள்ளே பட்டைக்கு அடியில் கரித்தூள் மாதிரி வித்துகள் சேர்ந்துகொண்டே இருக்கும். பட்டை ஓரிடத்தில் வெடித்தால் போதும், அத்தனையும் காற்றோடு கிளம்பிப் பக்கத்து மரங்களில் போய் உட்கார்ந்துவிடும். மருந்தும் கிடையாது மாயமும் கிடையாது. வந்த மரத்தை வெட்டி எரிக்க வேண்டியதுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒன்றிரண்டோடு போகும். விட்டால் தெருவே மொட்டையாகும்.

இதில் பிளாங்க் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. டேப் மாற்றப் போகிறவன் கூடவே இன்னொரு வெறும் டேப்பையும் கொண்டுபோவான். மாடியில் அதன் உறையைப் பிரித்து, உருளையில் மாட்டி, பம்ப்பைப் போடாமலே கழற்றி, மறுபடி உறையில் போட்டு எடுத்து வருவான். காற்றையே இழுக்காத அந்த டேப்பில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் மாற்றினவன் கையிலோ, உடுப்பிலோ, கருவியிலோ எங்கோ அழுக்கு இருந்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். அப்புறம் அந்த வாரத்து நிஜ டேப்பில் கோடு ஏறினாலும் நம்ப முடியாது. செல்லாது என்று தள்ளிவிட வேண்டும். அது விதி. அவளே முன்னின்று எழுதி வைத்த விதி.

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பேர் ‘சுத்தம் மேடம்’. யாராவது மேசையைத் துடைக்காமல் எழுந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் கொண்டுவந்து சேர்த்த ஆள்தான் இப்போது வாரா வாரம் அழுக்கு டேப் கொண்டுவருகிறான் என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! பார்க்கிறவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

கொழுந்தனுக்கு வீட்டில் ‘அரைகுறை’ என்று பேர். படிப்பைப் பாதியில் விட்டான், கடை வைத்து அதையும் பாதியில் விட்டான், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் பின்னால் எடுக்கத் தெரிந்துகொள்வதற்குள் வந்துவிட்டான். “இவனுக்கு ஒரு வேலை பாரேன்” என்று மாமியாரும் கணவனும் சேர்ந்து காதைக் குடைந்ததில், அவள் ஆய்வகத் தலைவரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை இது. முதல் சில மாதம் நன்றாகத்தான் செய்தான். எல்லா மாடியின் பிளாங்க்கும் சுத்தமாக வந்தது. அப்புறம் நூலக மாடி மட்டும் இப்படி ஆரம்பித்தது.

நூலக மாடி மட்டும்தான். மற்ற மாடிகளில் அவன் கொண்டுவருகிற பிளாங்க் கோடு எறும்புகூட ஏறாத மாதிரி தட்டையாகக் கிடந்தது. இதை அவள் கவனிக்காமல் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நூலகத்துக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அரட்டையடித்துவிட்டு, மர நிழலில் சாய்ந்து, பையைத் தரையில் வைத்து, அதே கையோடு மேலே ஏறுகிறான். வேறென்ன?

“சத்தியமா இல்லே அண்ணி,” என்றான் அவன் முதல் தடவை. “டீ குடிச்சா வேலை முடிஞ்சு இறங்கினப்புறம்தான். கிளவுஸ் மாத்தினேன், பெட்டியைத் துடைச்சேன், பிளீச்சிங் தண்ணியில கத்தரியை முக்கினேன். நீங்க சொன்னதுல ஒண்ணு விடலே.”

“அப்போ பிளாங்க் பொய் சொல்லுதா?”

இரண்டாவது தடவையும் சத்தியம் செய்தான், கொஞ்சம் மெதுவாக. அதற்கடுத்த தடவை அவள் கத்தியபோது வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். பாருங்கள், குட்டு வெளிப்பட்டதும் அடங்கிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது மறுபடியும் கோடு. தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். எதையும் பூசி மெழுகியே பழக்கப்பட்ட மனுஷன். திட்டும்போதுகூடச் சிரித்த முகம் மாறாது.

“உங்க சொந்தக்காரர்னுதான் இத்தனை நாள் பொறுத்தேன். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். மறுபடி ஏறினா ஆளை மாத்திடுவோம். என்ன சொல்றீங்க?”

என்ன சொல்வது? சரி என்றாள். வெளியே வந்து தண்ணீரை மடக்கென்று குடித்தாள். இந்த வேலையும் போனால் அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் அவன் அரைகுறைதான். கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். அதைத் தினம் தினம் பார்க்க வேண்டியது அவள்தான்.

வீட்டில் சொன்னதும் கணவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். “நீதானே சேர்த்துவிட்டே?”

“ஏன், நீங்களும் உங்கம்மாவும் காதுகிட்ட நின்னு கத்தினது மறந்துபோச்சா?”

“சரி, இப்போ அவன் வேலை போனா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?”

“எல்லாத்துக்கும் நானே பதில் சொல்றேன், விடுங்க! அந்த மாடிக்கு நானே போறேன். என் கையால மாத்திக் காட்டறேன். அப்போ தெரியும் யார் கை அழுக்குன்னு.”

அந்தப் பக்க அறையில் கொழுந்தன் இருந்தான். கேட்டிருப்பான். கேட்கட்டும் என்றுதான் அவள் சத்தமாகச் சொன்னாள்.

போனாள். வெள்ளைக் கோட்டு, தலைக்கு உறை, முகத்துக்கு உறை, கையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கையுறை. நூலகத்து மாடிப்படியில் எதிரே வந்த வாசகர்கள் ஏதோ தொற்றுநோய் வந்துவிட்டது என்று சுவரோடு ஒதுங்கினார்கள். கொழுந்தன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

“நீ அங்கேயே நில்லு. பக்கத்துல வராதே,” என்று அவனை மாடிக் கதவோடு நிறுத்திவிட்டாள். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றான்.

சாலை நெடுக வரிசையாக நிற்கிற பெரிய மரங்களில் ஒன்று மாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் கிளையை நீட்டியிருந்தது. நிழல் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் பெட்டியின் மூடியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்பாக ஒரு படலம். விரலால் இழுத்தால் கோடு விழுந்தது.

“இதைத் துடைக்கறதே இல்லையா நீ?”

“வாரா வாரம் துடைக்கறேன் அண்ணி. மறுபடி படியுது. கீழே வண்டிப் புகை.”

“எதுக்கெடுத்தாலும் ஒரு காரணம்!” என்று அவள் ஒரு துணியை பிளீச்சிங்கில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். அப்புறம் கையுறை மாற்றினாள். கத்தரியை முக்கி எடுத்தாள். வெறும் டேப்பைப் பிரித்தாள், மாட்டினாள், கழற்றினாள், உறையில் போட்டு மூடினாள். கோவிலில் பூசை செய்கிறவர்கூட அத்தனை பக்தியோடு செய்திருக்க மாட்டார். அதற்கப்புறம்தான் நிஜ டேப். வேலை முடிந்து இறங்கும்போது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு பக்கம் கொழுந்தன் வேலை போகப்போகிறதே என்ற கவலை இருந்தாலும், தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கப்போகிற திருப்தி இருக்கிறதே, அதுவும் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

மறுநாள் மெஷின் ஓடி முடிந்தது. அவளுடைய பிளாங்க் கோடு ஏறியிருந்தது. அதுவும் கொழுந்தன் கொண்டுவந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெயர் ஒட்டியது மாறிவிட்டதா என்று பார்த்தாள், மாறவில்லை. ஆய்வகத்திலேயே ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ என்று டேப் எதுவும் சேர்க்காமல் மருந்துகளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தாள். கோடு படுத்துக் கிடந்தது. தப்பு ஆய்வகத்தில் இல்லை. “சுத்தம் மேடத்துக்கேவா?” என்று யாரோ சிரித்தார்கள். கைகளை முகர்ந்து பார்த்தாள், வெள்ளைக் கோட்டை உதறிப் பார்த்தாள். நான் எங்கே விட்டேன், எதைத் தொட்டேன் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து மண்டை காய்ந்தது. எங்கேயும் விடவில்லை. சாமி சத்தியமாக எதையும் விடவில்லை.

அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. நான் எதையும் விடவில்லை என்றால், அவனும் எதையும் விடவில்லை.

கையில் ஒட்டவில்லை, உடுப்பில் ஒட்டவில்லை, கத்தரியில் ஒட்டவில்லை. அப்புறம் எங்கிருந்து வரும்? பிளாங்க்கை உறையிலிருந்து பிரித்து மறுபடி மூடுவதற்குள் அதன் மேல் பட்டது காற்று ஒன்றுதான். பம்ப் இழுக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அந்த மாடிக் காற்றில் வித்து அடர்ந்து கிடந்தால்? டேப்பை வெறுமனே காட்டினாலே அப்பிக்கொள்ளும்படி இருந்தால்? அப்படி ஒரு காற்று இருக்கும் என்று விதியை எழுதும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. நோய் கொஞ்சமாக இருக்கிற இடத்துக்கு அந்த விதி சரி. நோய் தலைக்கு மேல் போன இடத்தில் அந்த விதியே நோயை மூடி மறைத்துவிட்டது.

அன்றைக்கே மறுபடி நூலகத்துக்கு ஓடினாள். ஒரு வெறும் டேப்பை ஜன்னல் சாத்திய படிப்பறையில் பிரித்து மூடினாள். இன்னொன்றை மாடியில் பிரித்து மூடினாள். கிளம்பும்போது பெட்டி மூடியில் அதற்குள் மறுபடி படிந்திருந்த கறுப்பையும் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டாள். படிப்பறை டேப் தட்டை. மாடி டேப் ஏறியது. அந்தக் கறுப்புத் தூள் மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே செங்குத்தாக ஏறியது. வண்டிப் புகையாம்! வாரா வாரம் அவன் துடைத்ததும், நேற்று அவள் அழுத்தித் துடைத்ததும் அந்த நோயைத்தான்.

ஊர் மரங்களைப் பராமரிக்கிற மரத்துறையிலிருந்து ஓர் ஆள் வந்து, மாடியை ஒட்டியிருந்த மரத்தில் ஏறிப் பார்த்தார். தரையிலிருந்தும் சரி, இலை மறைத்ததால் மாடியிலிருந்தும் சரி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுவர்ப் பக்கம் நீண்ட கிளையின் மேல்புறத்தில் பட்டை தாள் தாளாகப் பெயர்ந்து கிடந்தது. உள்ளே கரி. அடுத்த மரத்திலும் கரி. அதற்கடுத்ததிலும். சாலை வளைகிற இடம் வரைக்கும் பார்த்துவிட்டு அவர் இறங்கி வந்து நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வகமும் மரத்துறையும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். அதற்கு முன்னால் தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டு, வழக்கம்போலச் சிரித்த முகமாகச் சொன்னார்: “நம்ம டேப்தான் கண்டுபிடிச்சுது, நல்ல பேரு. ஆனா முந்தின வாரங்களை ஏன் தள்ளினோம்னு கேப்பாங்க. கள ஊழியரோட கவனக்குறைவுனு சொல்லிடுவோம். அவர் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு. ஒரு வார்த்தைதானே?”

அவள் அறைக்கு வெளியே நடைகூடத்துக்கு வந்தாள். கொழுந்தன் பையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள்.

“சொல்லட்டுமே அண்ணி,” என்றான். “வேலை இருந்தா போதும். என் பேரு ஏற்கெனவே அரைகுறைதானே, இன்னொரு தடவை சொன்னா தேய்ஞ்சா போயிடும்?”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. அவனையா, தலைவரையா, தன்னையா என்றுதான் தெரியவில்லை.

உள்ளே மரத்துறை அதிகாரி, கண்டிப்பான அம்மாள், நேராகவே கேட்டார். “அந்த ஊழியர் ஒழுங்கா வேலை பார்த்திருந்தா இது முன்னாடியே தெரிஞ்சிருக்கும், அப்படித்தானே?”

“துரதிருஷ்டவசமா...” என்று தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அப்படி இல்லீங்க,” என்று அவள் எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. “அவன் எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சான். நிஜ டேப்பும் சரி, பிளாங்க்கும் சரி, அவன் கொண்டுவந்தது எல்லாமே உண்மை. ஒவ்வொரு வாரமும் செல்லாதுன்னு தூக்கிப் போட்டது நான். விதி அப்படின்னு போட்டேன். ஏன் இந்த ஒரு மாடியில மட்டும் இப்படி வருதுன்னு யோசிக்காம, அவன் மேல பழியைப் போட்டேன். அவ்வளவுதான்.”

தலைவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அதிகாரியம்மாள் அவள் பக்கம் திரும்பினார்.

“முதல் வாரமே நம்பியிருந்தா எத்தனை மரத்தோட போயிருக்கும்?”

“நூலகத்தை ஒட்டினது ரெண்டோ மூணோ.”

“இப்போ?”

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதற்குத் தன்னைத் தலைவர் அப்புறம் ஒரு கை பார்ப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி அப்போது அவளுக்கு ஒரு மண்ணும் தோன்றவில்லை.

வெளியே வந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். நன்றி சொல்லுவான், இல்லை, நான் அப்பவே சொன்னேன்ல என்று குத்திக்காட்டுவான் என்று எதிர்பார்த்தாள். குத்தட்டும், வாங்கிக்கொள்ளலாம். அவனோ, கூட்டத்தில் காட்ட அவள் எடுத்துப்போயிருந்த டேப் பெட்டியை வாங்கக் கையை நீட்டினான்.

விரல் கணுவெல்லாம் வெடித்திருந்தது. உள்ளங்கை தோல் வெந்ததுபோல வெளுத்து உரிந்து, சில இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. கோபத்தில் அவன் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால்தானே கண்ணில் பட்டிருக்கும்!

“என்னடா இது?” என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிளீச்சிங், அண்ணி.” அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். “வெறும் கையில ஊத்திக் கழுவினேன். கிளவுஸ் போடறதுக்கு முன்னாடி, கழட்டினப்புறம், வீட்டுக்கு வந்தும் ஒரு தடவை.”

“யாருடா உன்னை இப்படிச் செய்யச் சொன்னா?”

“யாரும் சொல்லலே. நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். முதல்ல என் கையில அழுக்குன்னு நம்பலே. அப்புறம் மறுபடி மறுபடி ஏறவும், என் கையிலதான் என்னமோ இருக்கு, எவ்வளவு கழுவினாலும் போகாதுன்னு...” அவன் முடிக்கவில்லை. “எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு அண்ணி. அதான் அப்புறம் ஒண்ணும் பேசலே.”

அவள் அவன் கையைப் பிடித்தபடியே நின்றாள். மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“இன்னும் ரெண்டு மாடி பாக்கி இருக்கு,” என்று அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான். “நேரமாச்சு, நான் கிளம்பறேன்.”

“நீ ஒரு இடத்துக்கும் போக வேணாம். இங்கே உட்காரு,” என்று அவள் அதட்டினாள். மருந்துப் பெட்டியை எடுத்து வர ஆய்வகத்துக்குள் ஓடினாள்.